வாசலுக்குப் பக்கத்துக் கதிரை

வாசகர் கடிதம் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தந்திருக்கிறேன்):

"மதிப்புக்குரிய அக்கா, நான் ஒட்டுசுட்டானுக்கு உள்பக்கம் இருக்கிறன். வயது 42. மேசன். சண்டை முடிஞ்சு வீட்டுத்திட்டங்கள் வந்த நேரம் வேலை பழகினன். வேலை முடிய குடிக்கவும் அப்பதான் பழகினன். முதல் கள்ளு, பிறகு சாராயம், காசில்லாத நாளில கசிப்பு. கடைசி ரெண்டு வருசம் விடியக் குடிக்காட்டி மேசன் கரண்டி பிடிக்க ஏலாது, கை நடுங்கும். ஒருநாள் குடிக்காமல் இருக்க, வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில ஒன்பது நாள் கிடந்தன். துண்டு வெட்டி வீட்டை விடேக்க டொக்டர் சொன்னவர், மருந்து மட்டும் காணாது, குடியை விட்ட ஆக்கள் கூடுற கூட்டத்துக்குத் தொடர்ந்து போங்கோ எண்டு. இண்டைக்கு 37 நாள். தொடேல்லை.

ஒருக்கா போனன். பின்னுக்கு இருந்தன். ஓராள் தன்ர கதையைச் சொன்னார். பிறகு இன்னொராள் என்னைப் பாத்து, தம்பி பேரைச் சொல்லுங்கோ எண்டார். போன் வருது எண்டு சொல்லி வெளியில வந்து அப்பிடியே பஸ் ஏறிட்டன். மனுசி, நான் போகவே இல்லை, பொய் சொல்லுறன் எண்டு நினைக்கிறா.

எனக்குக் கதைக்க வராது. ஊரில ஆரும் கண்டால் என்ன செய்யிறது, மூத்தவளுக்கு 16 வயது. அங்க எல்லாரும் கண்ணை மூடி ஏதோ வேண்டினவை, அது என்ன சமயமோ தெரியாது. நான் நாலு வருசம் ஐயப்பனுக்கு மாலை போட்டனான். மாலை கழட்டின அண்டே குடிச்சனான். 2009இல தம்பியை விட்டிட்டு வந்தனான், அதையும் அங்க சொல்லவேணுமோ? எங்கட பக்கம் கூட்டமும் இல்லை. வாட்டில பக்கத்துக் கட்டிலில இருந்த நெடுங்கேணி அண்ணை நம்பர் தந்தவர். எடுக்கேல்லை. எடுத்து என்னத்தைக் கதைக்கிறது?"

தம்பி,

போன் வருகிறதென்று சொல்லி நீங்கள் எழுந்து வந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். கடிதத்தில் அதைத்தான் ஒரு குற்றம் போல எழுதியிருக்கிறீர்கள். பத்தொன்பது வருடமாக உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். முதல் நாளே எழுந்து நின்று பேசியவர்களைவிட, வாசல் மட்டும் வந்து திரும்பியவர்களைத்தான் கூடக் கண்டிருக்கிறேன். ஒருவர் மூன்று கிழமை மதிலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே உள்ளே பேசுவதைக் கேட்டுவிட்டுப் போனார். நான்காம் கிழமை மழை பெய்தது. உள்ளே வந்தார். நீங்கள் பஸ் ஏறிப் போயிருக்கிறீர்கள், கதவைத் தாண்டியிருக்கிறீர்கள், ஒரு மனிதரின் கதையை முழுக்கக் கேட்டிருக்கிறீர்கள். அது கூட்டத்துக்குப் போனதுதான். வீட்டிலும் அப்படியே சொல்லுங்கள்: "போனனான், பேர் கேக்கப் பயந்து வந்திட்டன்." இவ்வளவு காலம் குடியை மறைக்கச் சொன்ன பொய்களுக்குப் பழகிப்போன மனைவிக்கு, உங்களைக் குறைத்துக் காட்டும் ஒரு உண்மையை நீங்களாகவே சொல்வது புதிதாக இருக்கும். உடனே நம்பாமல் விடலாம். அதற்காகக் கோபப்படாதீர்கள்.

கதைக்க வராது என்பது கூட்டத்துக்கு ஒரு தடையே இல்லை. அங்கே யாரையும் கட்டாயப்படுத்திப் பேசவைக்கக் கூடாது. உங்கள் முறை வரும்போது "இண்டைக்குக் கேக்கத்தான் வந்தனான்" என்ற ஒரு வசனம் போதும். அடுத்தவருக்குப் போய்விடுவார்கள். ஆறு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தவர்களும் இருக்கிறார்கள். பெயர் கேட்டதும் பதிவு செய்வதற்காக அல்ல, கூப்பிடுவதற்காக. முதற்பெயரோ வீட்டுப் பெயரோ போதும். அடுத்தமுறை வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருங்கள். எந்த நேரமும் எழுந்து போகலாம் என்று தெரிந்தால் இருப்பது இலகு.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வன்னியில் "கூட்டம்" என்ற சொல்லே கெட்டுப்போய்க் கிடக்கிறது. 2009க்குப் பிறகு முகாமிலும், மீள்குடியேறிய ஊர்களிலும், கொட்டில் பள்ளிக்கூடங்களிலும் எத்தனை கூட்டங்களுக்கு நம் சனம் போயிருக்கும்! பதாகை கட்டியிருக்கும், வரவுத்தாளில் கையெழுத்து வாங்குவார்கள், ஒருவர் மேடையில் நின்று குடியினால் வரும் தீமைகளை வாசிப்பார், படம் எடுப்பார்கள், சாப்பாட்டுப் பார்சல் தருவார்கள். ஈரல் கெடும் என்று படம் போட்டுக் காட்டினால் குடிக்கிறவனுக்கு அது புதுச்செய்தியா? நீங்களே வலிப்பு வந்து விழுந்தவர். உங்களுக்கு ஒருவர் விளக்கவுரை தரவேண்டியதில்லை.

நான் சொல்லும் கூட்டம் அதுவல்ல. அதில் மேடை இல்லை. வட்டமாகக் கதிரைகள். பேசுகிறவர் "நீ இப்படிச் செய்" என்று சொல்லமாட்டார், "நான் இப்படிச் செய்தேன், எனக்கு இப்படி ஆனது" என்பார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே புத்தி சொல்வதில்லை. மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பிறகு தேத்தண்ணி. என்னைக் கேட்டால் கூட்டத்தில் பாதி அந்தத் தேத்தண்ணியோடுதான் நடக்கிறது, அதனால் முடிந்த கையோடு ஓடிவிடாதீர்கள். வரவுத்தாளை நீட்டினாலோ யாராவது போனைத் தூக்கிப் படம் எடுத்தாலோ, "வேண்டாம்" என்று நேராகச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் எழுந்து வாருங்கள். அது உங்களுக்கான இடம் அல்ல, யாருடையவோ அறிக்கைக்கான இடம்.

இந்த முறையின் தாய் அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ். ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தங்கள் பெயரை வெளியே சொல்லாத குடிநோயாளர்களின் கூட்டுறவு. அதில் சேர ஒரேயொரு தகுதிதான்: குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம். நிறுத்தியிருக்கவேண்டும் என்றுகூட இல்லை. கட்டணம் கிடையாது. வருகிறவர்கள் விரும்பினால் போடும் சில்லறையில்தான் மண்டப வாடகையும் தேத்தண்ணிச் செலவும். வெளியிலிருந்து பணம் வாங்கமாட்டார்கள். குடிநோயாளர் மட்டும் இருக்கும் மூடிய கூட்டமும் உண்டு, வீட்டாரோ வேறு யாரோ வந்து கேட்கக்கூடிய திறந்த கூட்டமும் உண்டு. எது எதுவென்று முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சக் காலம் போன பிறகு, பல வருடம் குடிக்காமல் இருக்கும் ஒருவரை உங்களுக்கு மூத்த துணையாகக் கேட்டுக்கொள்ளலாம். அவரை ஸ்பொன்சர் என்பார்கள். பதறும் நேரத்தில் போன் எடுப்பதற்கு ஒரு ஆள், அவ்வளவுதான். எல்லாக் குழுவும் ஏ.ஏ. ஆக இருக்கவேண்டும் என்றில்லை. ஆஸ்பத்திரி உளநலப் பிரிவோடு ஒட்டி நடப்பவையும் இருக்கின்றன. அவற்றை ஒரு உத்தியோகத்தர் வழிநடத்துவார். அதுவும் நல்லது. ஆனால் அவர் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் அது வகுப்பாகிவிடும்.

இது வெறும் நம்பிக்கையா என்று உங்கள் மனைவி கேட்டால் சொல்வதற்கு ஒரு கணக்குத் தருகிறேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 10,565 பேர் பங்குகொண்ட 27 ஆய்வுகளை எடுத்து ஆராய்ந்தது. ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போய்ச் சேரும்படி முறையாக வழிகாட்டப்பட்டவர்களில், ஒரு வருடம் கழித்து முற்றாகக் குடிக்காமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 42 பேர். வேறு உளவியல் சிகிச்சைகள் பெற்றவர்களில் 35 பேர். இரண்டு விடயத்தைக் கவனியுங்கள். "முறையாக வழிகாட்டப்பட்டவர்கள்" என்பது ஒன்று. துண்டு வெட்டும்போது கதவடியில் சொல்லப்படும் ஒரு வசனம் வழிகாட்டல் ஆகாது. யாராவது உங்களை முதல்முறை கூட்டிக்கொண்டு போயிருக்கவேண்டும். அது நடக்கவில்லை, அது உங்கள் பிழையும் இல்லை. மற்றது, நூற்றில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த ஒரு வருடத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் குடித்திருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் தோற்றவர்கள் அல்ல. திரும்ப வந்து அதே கதிரையில் இருக்கலாம். வெறியில்லாமல் வாருங்கள் என்பதுதான் ஒரேயொரு வேண்டுகோள்.

இனி எங்கே தேடுவது. இப்படியான குழுக்களுக்கு எங்கள் பக்கம் பெயர்ப்பலகை இருக்காது. இடமும் கிழமையும் மாறிக்கொண்டிருக்கும். அதனால் ஆளைப் பிடித்துத்தான் கேட்கவேண்டும். உங்கள் மாவட்டத்தில் முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவு இருக்கிறது. கிளினிக் நாளில் கொப்பியோடு போய், மருந்தை வாங்கியதும் திரும்பிவிடாமல், அங்குள்ள சமூகப் பணியாளரைக் கேட்டு நில்லுங்கள். "கூட்டம் இருக்கோ" என்று பொதுவாகக் கேட்டால் "பாப்பம்" என்றுதான் மறுமொழி வரும். இப்படிக் கேளுங்கள்: அடுத்தது எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தக் கட்டடம், முதல்நாள் என்னை ஆர் கூட்டிக்கொண்டு போவினம். கடைசிக் கேள்விதான் முக்கியமானது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கும் வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளிலும் இதே கேள்வியைக் கேட்கலாம். வேறு மாவட்டத்து ஆள் என்று தயங்கவேண்டாம். உங்கள் பிரதேச செயலகத்திலும் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேளுங்கள். தொலைபேசியில் கேட்பதென்றால் 1926. தேசிய உளநல நிறுவகத்தின் இலக்கம், தமிழில் பேசவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இதைவிட ஒரு வழி உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏ.ஏ. கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன. கொரோனாக் காலத்திலிருந்து போன் வழியாகவும் நடக்கின்றன. எங்களுக்கும் அவர்களுக்கும் நேரம் ஒன்றுதான், இரவு எட்டு மணி என்றால் இங்கும் எட்டு. கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது அங்குள்ள கூட்டம் ஒன்றைச் சொன்னால், கோடையில் ரொறன்ரோவின் இரவு எட்டு மணி எங்களுக்கு விடிய ஐந்தரை. நீங்கள் வேலைக்குப் போக எழும்பும் நேரம். உள்ளே போகமுன் திரையில் தெரியும் பெயரை மாற்றுங்கள், கமெராவை நிற்பாட்டுங்கள். இயர்போன் போட்டு, சிக்னல் இருக்கும் இடமாகப் பார்த்துக் குளக்கட்டில் போய் இருங்கள். கேட்டுக்கொண்டிருந்தால் போதும். சென்னையில் ஓட்டோ ஓட்டும் ஒருவர் தன் மகளின் உண்டியலை உடைத்த கதையைச் சொல்லும்போது, உங்கள் வீட்டுக் கதையை அவருக்கு யார் சொன்னது என்று திகைப்பீர்கள். ஆனாலும் போன் கூட்டத்தை மட்டும் நம்பியிருக்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கமெராவை நிற்பாட்டிவிட்டு ஒருவர் குடித்துக்கொண்டும் இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் மனிதருக்கு உங்கள் மூச்சு மணக்கும்.

ஊர் பற்றிய பயத்தை நான் லேசாக எடுக்கமாட்டேன். எண்பது குடும்பம் இருக்கிற ஊரில், யாருடைய சைக்கிள் எந்த வாசலில் நிற்கிறது என்பதே ஒரு செய்தி. பெண்பிள்ளை வளரும் வீடு. அதனால் ஊருக்குள் கூட்டம் இல்லாதது உங்களுக்கு ஒருவகையில் நல்லது. வேறு பட்டினத்தில் நடப்பதற்குப் போங்கள், கிளினிக் நாளோடு சேர்த்துப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள். அங்கே கேட்டது அங்கேயே நிற்கவேண்டும் என்பது குழுவின் முதல் ஒழுங்கு. உங்களை அங்கே காண்கிறவர் ஏன் அங்கே வந்தார் என்பதையும் யோசியுங்கள். அவருக்கும் மறைக்க அதே காரணம் இருக்கிறது. யாராவது வெளியே கதைத்தது தெரியவந்தால், குழுவில் மூத்தவரிடம் சொல்லுங்கள். அவர்கள் அதைக் கையாளாவிட்டால் வேறு குழு தேடுங்கள். மகளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் குடித்தது ஊருக்கு ஏற்கெனவே தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் வெட்கப்பட்ட நாட்கள் நடந்து முடிந்துவிட்டன. நீங்கள் கூட்டத்துக்குப் போவதை யாராவது அவளிடம் சொன்னால், அவள் அதற்கு வெட்கப்படுவாள் என்று நான் நினைக்கவில்லை.

நாட்கூலியை விட்டுப் போகவேண்டி வந்தால் அது உண்மையான இடைஞ்சல்தான். ஞாயிறில் அல்லது பின்னேரத்தில் நடக்கிறதா என்று கேளுங்கள், கடைசி பஸ் நேரத்தையும் முன்னரே சொல்லிவையுங்கள். தூர இடத்தவருக்காக அரைமணி முந்தித் தொடங்கிய குழுக்கள் உண்டு.

அந்த வேண்டுதலுக்கு வருவோம். ஏ.ஏ.யின் பன்னிரண்டு படிகள் 1939இல் அச்சானவை. அவற்றில் கடவுள் என்ற சொல் வருகிறது, "நாங்கள் விளங்கிக்கொண்டபடியான கடவுள்" என்று. முடிவில் அவர்கள் சொன்னது மனஅமைதியும் துணிவும் தெளிவும் கேட்கும் ஒரு சிறு வேண்டுதலாக இருக்கவேண்டும். அது எந்தச் சபைக்கும் சேர்க்கும் வேலை அல்ல. உங்களுக்கு வற்றாப்பளை அம்மன் என்றால் அம்மன், மாதா என்றால் மாதா, ஒன்றுமே இல்லாவிட்டால் அந்த வட்டத்தில் இருக்கும் பத்துப் பேரும் சேர்ந்த பலம். ஆனால் ஒரு இடத்தில் சமயம் மாறு என்றாலோ, செபித்தாயிற்று இனிக் குளிசையை நிற்பாட்டு என்றாலோ, அது நான் சொல்லும் கூட்டம் அல்ல. எழுந்து வந்துவிடுங்கள். குளிசையை நிற்பாட்டுவதும் தொடர்வதும் உங்கள் வைத்தியரோடு பேசவேண்டிய விடயம். குழுவில் ஒரு மூத்தவர் நல்ல எண்ணத்தோடு சொன்னாலும் அதே மறுமொழிதான்.

நீங்கள் மாலை போட்டதை எழுதியிருந்தீர்கள். அதைத் தோல்வியாக எழுதியிருக்கிறீர்கள், நான் அப்படி வாசிக்கவில்லை. நாற்பத்தொரு நாள் விரதத்தில் உங்களுக்கு என்னவெல்லாம் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். விடியக் குளிப்பு, கறுப்பு வேட்டி, சாமி என்று கூப்பிடும் ஊர், பின்னேரம் பஜனைக்குக் கூடும் ஆட்கள், குடிக்கும் கூட்டாளியே "சாமி மாலை போட்டிருக்கிறார்" என்று விலகிப் போவது. குடியை நிறுத்தியது உங்கள் தனி மனவுறுதி மட்டும் அல்ல, அந்தக் கூட்டமும் ஒழுங்கும். மாலை கழட்டிய அன்று அவை எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. மேசன் நீங்கள், உங்களுக்கு விளங்கும்: கொங்கிறீற் இறுகமுன் முட்டைக் கழட்டினால் தட்டு விழும். அதில் சீமெந்துக்கு என்ன குற்றம்? கிழமைக்கொருமுறை கூடும் இந்தக் கூட்டம் கழட்டும் நாள் குறிக்காத முட்டு. முதல் மூன்று மாதம் கிழமையில் இரண்டு முறையாவது ஏதோ ஒரு வடிவில், நேரிலோ போனிலோ, கூட்டத்தில் இருங்கள். தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்று ஏ.ஏ.யில் ஒரு வழக்கு உண்டு. பஸ் இல்லாத ஊரில் அது நடக்காது, அதை நினைத்து மனம் சோராதீர்கள்.

தம்பியைப் பற்றி.

கூட்டத்தில் அதைச் சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. யாரும் கேட்கவும் கூடாது. இந்த மண்ணில் துக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லி எத்தனையோ பேர் வந்து போனார்கள். திறந்த காயத்தோடு சனத்தை விட்டுவிட்டுப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். என் வேலையின் தொடக்க காலத்தில் நானும் அவசரப்பட்டு ஒரு தாயைப் பேசவைத்தேன். அவர் அன்றிரவு பட்ட பாடு இன்றைக்கும் என் மனதில் நிற்கிறது. ஆகவே சொல்கிறேன்: கூட்டம் குடியைப் பற்றியது. குடியைப் பற்றி மட்டும் பேசினால் போதும். இரவில் திடுக்கிட்டு எழும்புவது, சத்தம் கேட்டால் உடம்பு விறைப்பது, தம்பி கூப்பிடுவது போலக் கேட்பது இவையெல்லாம் இருந்தால், அதற்குத் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, உளநலப் பிரிவில் ஒரு ஆளோடு பேசவேண்டும். குடித்த காலத்தில் அமுங்கிக் கிடந்தது, குடி நின்றதும் இரண்டாம் மூன்றாம் மாதத்தில் மேலே வரலாம். அது வரும்போது "குடிச்சிருந்தால் இது இல்லை" என்று மனம் சொல்லும். அதை எதிர்பார்த்திருங்கள், வந்த உடனேயே கிளினிக்கில் சொல்லுங்கள். மே மாதத்தை இப்போதே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். சண்டை முடிந்த 18ஆம் திகதிக்கு முந்திய கிழமையும் பிந்திய கிழமையும் தனியே இருக்காதபடி, யாரோடு இருப்பது, எந்தக் கூட்டத்துக்குப் போவது என்று முன்னரே தீர்மானியுங்கள்.

மருந்துப் பக்கத்தில் உங்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதை மனைவிக்கும் வாசித்துக் காட்டுங்கள். உங்களுக்கு ஒருமுறை வலிப்பு வந்திருக்கிறது. தப்பித்தவறி மீண்டும் குடிக்கத் தொடங்கி, சில நாள் தொடர்ந்து குடித்துவிட்டால், வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்தவேண்டாம். கடைசிக் குடிக்குப் பின் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனம் குழம்பி, இல்லாதவற்றைக் காணும் நிலை வரலாம். அது உயிரைக் கொண்டுபோகும். ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும், 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும். வாட்டில் உங்களுக்கு ஏற்றியிருக்கக்கூடிய விற்றமின் பி1 ஊசியும் நடுக்கத்துக்கான குளிசையும் கூட்டத்தில் கிடைக்காது. இன்னொன்று: குடிக்கிறவருக்குத் தெரியாமல், குடியை விடவைக்கும் குளிசையைக் கறிக்குள் போட்டுக் கொடுக்கச் சொல்லி யாராவது உங்கள் மனைவிக்கு ஆலோசனை சொன்னால், கேட்கவேண்டாம். அந்தக் குளிசையின் மேல் குடித்தால் நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழுந்து, ஆள் இறக்கவும் கூடும். நீங்கள் அறிந்து, வைத்தியர் பார்த்துத் தந்தால் மட்டும் அது மருந்து.

மனைவிக்கும் ஒரு கூட்டம் வேண்டும். குடிநோயாளர் வீட்டாருக்கென்று 1951இல் தொடங்கிய அல்-அனொன் அமைப்பு, ஏ.ஏ.யைத் தொடங்கியவர்களில் ஒருவரின் மனைவியால் உருவானது. அது இங்கே கிட்டாவிட்டாலும், உளநலப் பிரிவில் அவருக்கென்று தனியாக ஒரு அரைமணி கேளுங்கள். உங்களைக் காவல் காப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க அல்ல, அவர் நித்திரை கொள்வது எப்படி என்று பார்ப்பதற்கு.

கடைசியாக, எங்கட பக்கம் கூட்டம் இல்லை என்றீர்கள். 1935 மே மாதத்தில் ஏ.ஏ. கூட்டம் உலகத்தின் எந்தப் பக்கத்திலும் இருக்கவில்லை. நியூயோர்க்கிலிருந்து பில் என்ற வியாபாரி ஒருவர், அமெரிக்காவின் அக்ரன் என்ற ஊருக்கு ஒரு அலுவலாகப் போயிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதம். போன காரியம் பிழைத்துவிட்டது, கையில் காசில்லை, ஊரில் தெரிந்த ஆளில்லை. தங்கியிருந்த ஹோட்டலின் கூடத்தில் ஒரு பக்கம் பார், சிரிப்புச் சத்தம். மறுபக்கம் தொலைபேசி. தன்னைப் போல ஒரு குடிநோயாளியோடு இப்போது பேசாவிட்டால் குடித்துவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்தது. அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராக அழைத்தார். சுற்றிச் சுற்றி, ஒரு பெண்மணி மூலமாக, அந்த ஊர்ச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தார். அவரும் விடமுடியாமல் குடித்துக்கொண்டிருந்தவர். டொக்டர் பொப் என்பார்கள். பதினைந்து நிமிடம்தான் தரமுடியும் என்று வந்த டொக்டர் மணிக்கணக்காக இருந்து பேசிவிட்டுப் போனார். பில் புத்தி சொல்லவில்லை, தன் கதையைத்தான் சொன்னார் என்பதே அதற்குக் காரணம். அடுத்த மாதம் டொக்டர் மறுபடி ஒருமுறை குடித்தார். அவருடைய கடைசிக் குடி 1935 ஜூன் 10. அந்த நாளைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

பில் எடுத்த அந்தத் தொலைபேசி அழைப்பு உங்களிடம் இன்னும் எடுக்காமல் இருக்கிறது. நெடுங்கேணி அண்ணையின் நம்பர்.

எடுத்து என்னத்தைக் கதைப்பது என்று கேட்டீர்கள். "அண்ணை, நான் பக்கத்துக் கட்டில் மேசன். இண்டைக்கு இத்தினை நாள். நீங்கள் எப்பிடி?" இவ்வளவுதான். பிறகு அவர் பேசுவார், கேளுங்கள். அவரும் குடிக்காமல் இருந்தால், கிழமைக்கொருமுறை ஒரு நேரம் குறித்துக் கதையுங்கள். அடுத்த கிளினிக்கை இருவரும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்கு இருவராகப் போங்கள். இரண்டு பேராகப் போய் உளநலப் பிரிவில் "எங்களுக்கு மாதத்தில் ரெண்டு ஞாயிறு இருக்க ஒரு அறை தாங்கோ" என்று கேட்டால், அது ஒருவர் கேட்பதுபோல இருக்காது. ஆறு பேர் சேரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. அவர் மறுபடி குடிக்கத் தொடங்கியிருந்தால், தனியே போய் அவரைத் தூக்கிவரப் பார்க்காதீர்கள். 37 நாளில் அதைத் தாங்கும் பலம் யாருக்கும் இல்லை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லுங்கள், அவர் வீட்டாரோடு பேசுங்கள், பிறகு உங்கள் சமூகப் பணியாளருக்கு அறிவியுங்கள்.

உங்களுக்குச் சம்பளம் சனிக்கிழமை பின்னேரம் கைக்கு வரும் என்று நினைக்கிறேன். காசும் களைப்பும் சேர்ந்து வரும் நேரம் அதுதான். கை கழுவிவிட்டு, சைக்கிளை எடுக்கமுன், வேலைத்தளத்தில் நின்றபடியே அவருக்கு அடியுங்கள். அவர் எடுக்காவிட்டால் ஞாயிறு விடிய மறுபடி அடியுங்கள்.